மெதுவாகக் கேட்பதற்குத்தான் சப்வூஃபர்

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி புடுங்குற வேலை கொஞ்சம் ஓவர். மிச்சம் இருந்த சனி ஞாயிறெல்லாம் மரத்தூளும் ஃபெவிகாலுமா கரைஞ்சு போச்சு. அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியல மக்கா.

விஷயம் இதுதான். வீட்ல இருக்குற ஹோம் தியேட்டருக்கு ஒரு சப்வூஃபரை நானே செஞ்சேன். ஆபீஸ் கேன்டீன்ல இதைச் சொன்னதும் நாலு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாங்க. "எத்தன வாட்ஸ் மச்சி? ஜன்னல் கண்ணாடி அதிருதா?" அதிரலைன்னு சொன்னேன். முகத்துல ஒரு பரிதாபம். காசைத் தண்ணில போட்டுட்டான் பாவி அப்படிங்கற மாதிரி ஒரு பார்வை.

எனக்கு அந்தக் கேள்வி மேலதான் கடுப்பு. நம்ம ஊர்ல சப்வூஃபர்னா அதிரணும். ஷேர் ஆட்டோவுல முதுகுல குத்தணும். மினி பஸ்ல கடைசி சீட்டுக்குக் கீழ இருந்து வயித்தைக் கலக்கணும். கல்யாண மண்டபத்துல பக்கத்துல இருக்கறவன் பேசுறது கேக்கவே கூடாது. என் கட்சி வேற. வீட்டுக்குள்ள ஒரு நல்ல சப்வூஃபரோட முக்கியமான வேலை, சத்தத்தைக் குறைச்சு வச்சுக் கேட்க விடுறதுதான். அடங்கொப்புரானே, இது என்ன புது உருட்டுன்னு கேக்குறீங்களா? கொஞ்சம் பொறுமையா வாங்க.

எங்க வீட்ல எட்டு மாசக் கைக்குழந்தை. பத்து மணிக்கு மேல டிவி வால்யூம் பத்தைத் தாண்டினா தங்கமணி கண்ணாலயே எரிச்சிடுவாங்க. சரின்னு குறைச்சு வச்சா, படம் டிரான்சிஸ்டர்ல ஒலிச்சித்திரம் கேக்குற மாதிரி ஆயிடுது. வசனம் இருக்கு, வயலின் இருக்கு, ஜால்ரா இருக்கு. தவிலும் பேஸ் கிட்டாரும் எங்கயோ வெளியூர் போயிடுச்சு. இது டிவியோட குறை மட்டும் இல்லீங்க, நம்ம காதோட குணம்.

1933ல அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் இதை அளந்து வச்சிருக்காங்க. பிறகு வந்தவங்க அதைத் திருத்தித் திருத்தி இன்னிக்கு அது ஒரு உலகத் தரமாவே இருக்கு. சாராம்சம் என்னன்னா, தாழ்ந்த ஒலிகளுக்கு நம்ம காது பாதிச் செவிடு. சத்தம் குறையக் குறைய முக்கால் செவிடு. கணக்காச் சொன்னா, 1000 ஹெர்ட்ஸ்ல 80 டெசிபல் ஒலி காதுக்கு எவ்வளவு பெருசாத் தெரியுதோ, 50 ஹெர்ட்ஸ்ல அதே அளவு தெரிய ஏறக்குறைய 102 டெசிபல் வேணும். இப்போ வால்யூமைக் குறைச்சு அந்த 1000 ஹெர்ட்ஸை 40 டெசிபலுக்குக் கொண்டு வந்தா, 50 ஹெர்ட்ஸ்ல அதுக்கு ஈடு 78 டெசிபல். அதாவது மேல 40 குறைக்கும்போது கீழ 24 மட்டும்தான் குறைக்கணும். ஆனா வால்யூம் பட்டனுக்கு இந்த விவரம் எல்லாம் தெரியாது. அது எல்லாத்தையும் 40 குறைச்சிடும். நடுவுல 16 டெசிபல் பேஸ் அம்பேல்.

பழைய ஆம்ப்ளிஃபையர், டேப் டெக்குல 'லவுட்னஸ்'னு ஒரு பட்டன் இருக்கும், ஞாபகம் இருக்கா? எங்க வீட்ல அதை எப்பவும் அமுக்கியேதான் வச்சிருப்போம். 'சும்மா கும்முன்னு இருக்கும்'னு. அந்தப் பட்டனைக் கண்டுபிடிச்சவன் அதை வச்சதே, சத்தத்தைக் குறைச்சு வைக்கும்போது காணாமப் போற பேஸைத் திருப்பிக் கொடுக்கத்தான். நாம அதை ஃபுல் வால்யூம்ல போட்டுக் கேட்டுட்டு, ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சுன்னு கடைக்காரன்கிட்ட சண்டை போட்டோம் :-)

சினிமாவுக்கு வந்தா நிலைமை இன்னும் மோசம். படத்துக்கு ஒலிக்கலவை பண்ற அறையில ஸ்பீக்கர்களை 85 டெசிபல் கணக்குல அளந்து வச்சுத்தான் வேலை பார்க்கிறாங்க. ராத்திரி பத்து மணிக்கு நம்ம ஹால்ல அதை விட 30, 40 டெசிபல் குறைவாத்தான் கேக்கிறோம். ஆக, மெனக்கெட்டு அவங்க போட்ட கீழ்ஸ்தாயி முழுக்க நமக்கு வராது. இதைச் சரி பண்ண பேஸை மட்டும் தூக்கிக் கொடுக்கணும். டிவிக்குள்ள இருக்குற ரெண்டு இன்ச் ஸ்பீக்கரால முடியாது. ஹோம் தியேட்டரோட இலவச இணைப்பா வர்ற 'சப்'பாலயும் முடியாது.

ஏன் முடியாதுன்னு ஒரு சின்ன விளக்கம். பேஸ் கிட்டாரோட தடிச்ச கம்பியைச் சும்மா மீட்டினா வர்ற ஒலி 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டுல எல்லாம் பேஸ் கிட்டார் தனியா ஒரு கதை சொல்லிட்டுப் போகுமே, அதோட அடித்தளம் இந்த ஏரியா. ஸ்பீக்கரோட கூம்பு அதே அளவு சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழ கொடுக்கணும்னா நாலு மடங்கு காத்தைத் தள்ளணும். 80ல இருந்து 40க்கு வர நாலு மடங்கு. 40ல இருந்து 20க்கு இன்னொரு நாலு. ஆறு இன்ச் ஸ்பீக்கரைச் சின்னப் பெட்டியில அடைச்சு இதைச் செய்யச் சொன்னா அது என்ன பண்ணும் பாவம்? அதனால இந்தப் பெட்டிகள் ஒரு குறுக்கு வழி பிடிக்கும். 60, 70 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு இடத்துல மட்டும் எக்கச்சக்கமா ஊளையிடுற மாதிரி துளை வச்சு விட்டுடுவாங்க. குண்டு வெடிச்சாலும் டும். தவில் அடிச்சாலும் டும். கதவு சாத்தினாலும் அதே டும்.

இதுக்கு நம்ம ஊர்ல ஒரு முன்னோடி உண்டு. டீக்கடையில ஸ்பீக்கரைக் கழட்டி மண்பானை வாயில கவுத்து வச்சிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. பானைக்குள்ள இருக்குற காத்துக்குன்னு ஒரு சுருதி இருக்கு. சோடா பாட்டில் வாயில ஊதினா 'பூ'ன்னு ஒரு சத்தம் வருமே, அதே சங்கதிதான். அந்தச் சுருதி மட்டும் தூக்கலாக் கேக்கும். பானைக்கு நான் எதிரி இல்லை. பத்து ரூபாய்ப் பானை செய்யுற வேலையைப் பளபளன்னு நீல விளக்கு போட்ட பெட்டி ஆயிரக்கணக்குல வாங்கிட்டுச் செய்யுதேன்னுதான் வயித்தெரிச்சல்.

சரி, கடையில நல்லதா ஒண்ணு வாங்க வேண்டியதுதானேன்னு நீங்க கேக்கலாம். கிடைக்குது. ஆழமா இறங்குற சரக்கு எல்லாம் என் பட்ஜெட்டை விட ரெண்டு மூணு மடங்கு. அது ஒரு காரணம்தான். இன்னொண்ணு, கடையில விக்கிற சப்வூஃபரைக் கடையிலயே கேட்டு வாங்குறதுக்காகத் தயாரிக்கிறாங்க. ஷோரூம்ல அஞ்சு நிமிஷம், ஒரு சண்டைக் காட்சி, வால்யூம் உச்சத்துல. அங்க எது நெஞ்சுல குத்துதோ அதுதான் விக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு, பக்கத்து ரூம்ல குழந்தை தூங்கும்போது எப்படிக் கேக்கும்னு எந்த ஷோரூம்லயும் யாரும் டெமோ கேக்குறதும் இல்லை, காட்டுறதும் இல்லை. நமக்கு வேண்டியது வேற சாமான்னா நாமதான் செஞ்சுக்கணும்.

முதல்ல ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத்தான் போனேன். இன்ஜினியரிங் படிக்கும்போது ப்ராஜெக்டுக்கு ஐசி வாங்கினதுல இருந்து அந்தச் சந்து மேல தனிப் பாசம். ஒரு கடையில பன்னிரண்டு இன்ச் ஸ்பீக்கர் கேட்டேன்.

"எத்தன வாட்ஸ் சார்?"

"வாட்ஸ் கிடக்கட்டும்ணே. இதோட எஃப்எஸ் என்ன? க்யூ எவ்வளவு?"

"சார், காந்தம் மட்டும் ரெண்டு கிலோ. தூக்கிப் பாருங்க."

தூக்கிப் பார்த்தேன். உண்மையிலயே கனமாத்தான் இருந்துச்சு. ஆனா என் கேள்விக்குப் பதில் காந்தத்துல இல்லை. கடைசியில அளவுத்தாளோட வர்ற ஒரு டிரைவரை ஆன்லைன்லதான் வாங்கினேன். (அளவுத்தாள் இல்லாத டிரைவரையும் ஒரு ரெசிஸ்டர், ஒரு சவுண்ட் கார்டு, 'ரூம் ஈக்யூ விசார்ட்'ங்கற இலவச மென்பொருள் வச்சு வீட்லயே அளந்துடலாம். பொறுமை இருக்கறவங்க ரிச்சி ஸ்ட்ரீட்லயே வாங்குங்க. காசு மிச்சம்.)

அந்த அளவுகளோட கதை ரொம்ப அழகு. 1961ல ஆஸ்திரேலியாவுல நெவில் தீல்னு ஒரு இன்ஜினியர் ஒரு கட்டுரை எழுதினார். ஸ்பீக்கரையும் பெட்டியையும் சேர்த்து ஒரு மின்சுற்று மாதிரிப் பாருங்கய்யா, ஃபில்டர் டிசைன்ல இருக்குற கணக்கு எல்லாம் அப்படியே இங்க செல்லும்னு. பத்து வருஷம் அதை வெளியுலகம் பெருசாக் கண்டுக்கல. 1971ல அமெரிக்க ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியோட இதழ்ல மறுபடி அச்சாச்சு. ரிச்சர்ட் ஸ்மால்ங்கறவர் சிட்னி பல்கலைக்கழகத்துல அதை மேல எடுத்துட்டுப் போய் வரிசையாக் கட்டுரைகள் எழுதினார். அதுக்கு முன்னாடி வரைக்கும் பெட்டி செய்யுறது பெரும்பாலும் கைமணம். அதுக்கப்புறம் கால்குலேட்டர் போதும். இன்னிக்கு உலகத்துல எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் தாள்ல 'தீல் ஸ்மால்' அளவுகள்னு போட்டிருப்பது இவங்க ரெண்டு பேரும்தான்.

என் டிரைவருக்கு, தோராயமா, எஃப்எஸ் 25 ஹெர்ட்ஸ், க்யூ 0.4, வாஸ் 100 லிட்டர். எஃப்எஸ்னா அந்தக் கூம்பு வெட்டவெளியில தானா ஆடுற அதிர்வெண். க்யூன்னா எவ்வளவு சீக்கிரம் ஆட்டம் அடங்கும்ங்கறது. வாஸ்னா அதோட தொங்கலுக்குச் சமமான விறைப்பு இருக்குற காத்தோட அளவு. இந்த டிரைவரை 50 லிட்டர் மூடிய பெட்டியில வச்சா, 100ஐ 50ஆல வகுத்து, ஒண்ணு கூட்டி, வர்க்கமூலம் எடுக்கணும். 1.73. அதால ரெண்டையும் பெருக்கணும். அதிர்வெண் 43 ஹெர்ட்ஸ், க்யூ 0.69. அவ்வளவுதான் டிசைன்! 0.7ன்னா பட்டர்வொர்த். ஈசிஇ-ல எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு அரியர் வாங்கிக் கொடுத்த அதே பட்டர்வொர்த். ஏழு வருஷம் கழிச்சு எம்டிஎஃப் பலகையில வந்து நின்னு 'என்னப்பா, சௌக்கியமா?'ன்னு கேட்டார். நாள் முழுக்க யாரோ எழுதின கோடுல பக் தேடுற பொழப்புல, நாலு வருஷம் படிச்ச ஒண்ணு கையில தொட்டுப் பார்க்கிற மாதிரி வந்தது இது ஒண்ணுதான்.

துளை வச்ச பெட்டியா, மூடிய பெட்டியான்னு ஒரு பஞ்சாயத்து எப்பவும் உண்டு. துளை வச்சா அதே டிரைவர்ல கூடுதல் சத்தம் கிடைக்கும், இன்னும் ஆழமும் இறங்கலாம். ஆனா ஒரு எல்லைக்குக் கீழ ஸ்தாயிக்கு 24 டெசிபல்னு செங்குத்தா விழும். மூடிய பெட்டி சீக்கிரமே இறங்க ஆரம்பிச்சாலும் 12 டெசிபல்னு நிதானமா இறங்கும். இங்கதான் நம்ம ஊர் வீடு கைகொடுக்குது. அமெரிக்காக்காரங்க போடுற டிசைன் எல்லாம் மரச்சட்டத்துல ஜிப்சம் பலகை அடிச்ச வீட்டை மனசுல வச்சுப் போட்டது. அந்தச் சுவர் பேஸை வெளிய விட்டுடும். நம்ம வீடு செங்கல்லும் கான்கிரீட்டும். பேஸ் உள்ளயே அடைபடும். அறையோட நீளத்துக்கு ஏத்த அதிர்வெண்ணுக்குக் கீழ போகப் போக அறையே பேஸைத் தூக்கிக் கொடுக்க ஆரம்பிக்கும். ஜன்னல், கதவு இடுக்கு எல்லாம் இருக்கறதால முழுசாக் கிடைக்காது. ஆனா மூடிய பெட்டியில விழுறதை ஓரளவு நிரப்பும். நம்ம ஊர் ஃபிளாட்டுக்கு மூடிய பெட்டிதான் சரின்னு அடிச்சுச் சொல்வேன். சண்டைக்கு வர்றவங்க பின்னூட்டத்துல வாங்க.

50 லிட்டர்னா எவ்வளவுன்னு பயப்படாதீங்க. ரெண்டரை தண்ணி கேன். உள்ளளவு 38 சென்டிமீட்டர் கனசதுரம் போட்டா 55 லிட்டர் வரும். டிரைவரோட பின்பக்கமும் குறுக்குக் கட்டையும் சாப்பிடுறது போக 50 மிஞ்சும். பலகை 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப். முன்பக்கத்துக்கு மட்டும் ரெண்டு பலகையை ஒட்டிக்கணும். கனம் ஏன்னா, கூம்பு வெளிய தள்ளுற அதே காத்தை உள்ளயும் தள்ளுது. முன்னாடி வர்ற அலையும் பின்னாடி வர்ற அலையும் எதிரெதிர். ரெண்டும் சந்திச்சா பேஸ் காலி. பின்னலையை விழுங்குறதுதான் பெட்டியோட முதல் வேலை. பலகை மெலிசா இருந்தா அதுவே அதிர்ந்து அந்த அலையை வெளிய கடத்திடும். விரல் முட்டியால தட்டிப் பாருங்க. தேங்கா மாதிரி 'டொக்'குன்னா நல்லது. தகர டின் மாதிரின்னா குறுக்குக் கட்டை போடுங்க.

வெட்ட எங்க ஏரியா கார்பெண்டர் அண்ணன். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, ஆறு பக்கமும் அடைச்சுட்டா சாமானை எப்படி உள்ள வைப்பீங்க? கதவுக்கு கீல் எங்க?"

"சாமான் எதுவும் இல்லண்ணே. காத்துதான்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் வட்டம் வெட்ட ரவுட்டரை எடுத்தார். ஒரு ஆணியைக் காம்பஸ் முனையா வச்சு அவர் போட்ட வட்டம் இருக்கே, டிரைவர் போய் உட்கார்ந்ததும் ஒரு முடி நுழைய இடம் இல்லை. 'காத்து வெளிய போகக் கூடாது'ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். மூலைக்கு மூலை ஃபெவிகால் போட்டு, கிளாம்ப் பண்ணி, உள்ள விளிம்பெல்லாம் சிலிக்கான் பூசி, மறுநாள் வந்து ஊதுபத்தி கொளுத்தி ஒவ்வொரு மூட்டாப் புகை ஆடுதான்னு காட்டினார். வெளிநாட்டு இணையப் பக்கத்துல படிச்சு நான் சொல்ல வச்சிருந்த டெஸ்ட் அது. அவருக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கல. எம்டிஎஃப் வெட்டும்போது மட்டும் மூக்குல துணி கட்டச் சொல்லிக் கெஞ்சணும், அந்தத் தூசி லேசுப்பட்டது இல்லை.

உள்ள தலகாணிக்குப் போடுற பாலியஸ்டர் பஞ்சு. இலவம் பஞ்சு வேணாம், இழை பறந்து காயிலுக்குள்ள போகும். ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு கிளாஸ் டி போர்டு, அதுக்குத் தயார் நிலையில கிடைக்கிற மூடிய பவர் சப்ளை, ஃபியூஸ், எர்த்தோட மூணு பின் பிளக். இங்க கஞ்சத்தனம் வேணாம், வீட்ல குழந்தை இருக்கு. கூடவே ஒரு சின்ன டிஎஸ்பி போர்டு. கூலி எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல ஆச்சு. எடை ஏறக்குறைய ஒரு அரிசி மூட்டை.

இனிமேதான் பாதி வேலை. பெட்டியை எங்க வைக்கிறது? 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ ஒலி எந்தத் திசையில இருந்து வருதுன்னு காதால கண்டுபிடிக்க முடியாது. ஒலியலையோட நீளமே நாலு மீட்டருக்கு மேல. அதனால சோபாவுக்குப் பின்னாடி, பூஜை அலமாரிக்குப் பக்கத்துலன்னு எங்க வேணா ஒளிச்சு வைக்கலாம். ஆனா எல்லா இடமும் ஒண்ணு கிடையாது. எங்க ஹால் 14க்கு 10 அடி, உயரமும் 10 அடி. 14 அடி நீளத்துல 40 ஹெர்ட்ஸ் எதிரொலிச்சு நிக்கும். 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் ஒண்ணா இருக்கறதால 56ல ரெண்டு மடங்கு கும்மி. இதைப் படிக்கிறவங்க வீட்ல 10க்கு 10 ரூம், 10 அடி உயரம்னா, மூணும் ஒரே இடத்துல குவியும். அதுல எந்த சப்பை வச்சாலும் 'ஒரே டும்'தான். குறை சப்போடது இல்லை, பில்டரோடது.

நல்ல இடம் பிடிக்க ஒரு பழைய உத்தி இருக்கு. சப்வூஃபரைச் சோபா மேல, நாம உட்கார்ற இடத்துல வச்சுட்டு, நாம தரையில தவழ்ந்து போகணும். எந்த இடத்துல பேஸ் சீராக் கேக்குதோ அங்க பெட்டியை வைக்கணும். இருபத்தெட்டு வயசு ஆம்பள நாலு கால்ல ஹாலைச் சுத்தி வர்றான். பின்னாடியே எட்டு மாசக் குழந்தை, அப்பா விளையாட வந்துட்டார்னு கெக்கெக்கேன்னு சிரிச்சுக்கிட்டு. ஊர்ல இருந்து வந்திருந்த அம்மா அடுப்படியில இருந்து எட்டிப் பார்த்து, "டேய், என்னத்தடா தொலைச்ச?"ன்னாங்க. தங்கமணி பதில் சொன்னாங்க, "மானத்தை, அத்தை."

ஜன்னலோர மூலையை விட்டு ரெண்டடி தள்ளி ஒரு இடம் அமைஞ்சது. அப்புறம் மைக் வச்சு அளந்து, டிஎஸ்பி-யில 56 ஹெர்ட்ஸை மட்டும் 8 டெசிபல் அமுக்கினேன். ரிசீவர்ல 80 ஹெர்ட்ஸ்ல பிரிச்சு விட்டாச்சு. முதல்ல 'ம்ம்ம்'னு ஒரு ரீங்காரம். நம்ம ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், கரெக்டா சப்வூஃபரோட வீட்டு வாசல்ல. செட்டாப் பாக்ஸ் கேபிளைக் கழட்டினதும் நின்னுச்சு. கேபிள் ஒயரோட எர்த்தும் நம்ம வீட்டு எர்த்தும் சேர்ந்து சுத்துறதால வர்ற பிரச்சினை அது. ரீங்காரம் வந்தா முதல்ல அந்தக் கேபிளைச் சந்தேகப்படுங்க.

இப்போ முக்கியமான கட்டம். எங்க ஹாலுக்கு நேர் கீழ இருக்குறது கீழ் வீட்டு மாமாவோட பெட்ரூம். மனுஷன் பைபாஸ் முடிஞ்சு படுத்திருக்கார். குடி வந்த முதல் வாரமே மாமி சொல்லியிருக்காங்க: "உங்களுக்கு முன்னாடி மேல இருந்தவா ஏதோ பெரிய பொட்டி வச்சிருந்தா. போட்டா, மாமாவோட மருந்து பாட்டில் ஷெல்ஃப்ல நடக்கும்ப்பா. போலீஸ்ல சொன்னோம். மிஷின் கொண்டு வந்து அளந்துட்டு, லிமிட்டுக்குள்ளதான் இருக்குன்னுட்டு போயிட்டா."

அந்த மிஷின் பொய் சொல்லல. விஷயமே அங்கதான் இருக்கு. 2000ஆம் வருஷ ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்கு பகல்ல 55, ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரைக்கும் 45 டெசிபல். ஆனா அது டெசிபல் 'ஏ'. அந்த 'ஏ' கணக்கு, காதைப் போலவே, தாழ்ந்த ஒலியைக் கழிச்சுட்டுத்தான் கூட்டும். 50 ஹெர்ட்ஸ்ல 30 டெசிபல் தள்ளுபடி. 31.5 ஹெர்ட்ஸ்ல 39 டெசிபல் தள்ளுபடி. ஒரு வீட்டுக்குள்ள 50 ஹெர்ட்ஸ்ல 74 டெசிபல் அதிர்வு இருந்தாலும் மீட்டர் 44ன்னு காட்டிட்டு சல்யூட் அடிச்சுட்டுப் போயிடும். கீழ இருக்கற நோயாளிக்கு நெஞ்சுக்குள்ள யாரோ இடிக்கிற மாதிரி இருக்கும், சட்டப்படி அங்க அமைதி. மண்டபத்துக்குப் பக்கத்து வீட்ல இருக்கறவங்களைக் கேளுங்க, கதை கதையாச் சொல்வாங்க. சுவர் உயர்ந்த ஒலியைத் தடுத்துடும், பாட்டு கேக்காது, இடி மட்டும் வரும். தாழ்ந்த ஒலிக்குத் தனியா ஒரு அளவு வைக்காம இந்த விதி பாதி விதிதான்.

பெட்டிக்கு அடியில ரப்பர், ஸ்பாஞ்ச் போட்டா கீழ கேக்காதுன்னு சில பேர் சொல்வாங்க. நம்பாதீங்க. பெட்டியோட ஆட்டம் தரைக்குப் போறதைக் கொஞ்சம் தடுக்கும், சரி. பெரும்பங்கு, அறைக்குள்ள இருக்குற காத்தழுத்தமே தளத்தை அமுக்கிக் கீழ போறது. அதுக்கு ரப்பர் என்ன பண்ணும்?

அதனால லேப்டாப், மைக் சகிதம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மாமா பெட்ரூமுக்கே போயிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் மாமி முதல்ல மிரண்டாங்க. "அளக்கறேன் அளக்கறேன்னு மறுபடியும் மிஷினாப்பா?" மாமாதான் "வரட்டும்டி"ன்னார். ஃபேனை நிறுத்தினோம். மேல தங்கமணி, போன்ல நான் சொல்லச் சொல்ல ரெண்டு ரெண்டு டெசிபலா ஏத்துறாங்க. என் லேப்டாப்ல கோடு ஒண்ணும் அசையல. கண்ணை மூடிப் படுத்திருந்த மாமா சட்டுன்னு விரலைத் தூக்கினார். "இப்போ." எனக்கு ஒண்ணும் கேக்கல. ஒரு படி இறக்கச் சொன்னேன். விரல் இறங்குச்சு. சொல்லாம ஏத்தச் சொன்னேன். விரல் ஏறுச்சு. மூணு தடவை மாத்தி மாத்திப் பார்த்தேன், மூணும் சரி. வருஷக்கணக்கா அதே சத்தத்துல அவதிப்பட்ட காது, என் மைக்கை விட முந்திக்குது.

அந்த இடத்துல ஒரு கோடு போட்டேன். அதுக்கு 6 டெசிபல் கீழ டிஎஸ்பி-யில லிமிட்டர். ராத்திரி பத்து மணிக்கு மேல அதைத் தாண்டி யார் ஏத்தினாலும் ஏறாது. நானே நினைச்சாலும் லேப்டாப்பைச் சொருகி கன்ஃபிக் மாத்தணும். கூடவே ராத்திரிக்குன்னு தனி வளைவு, வால்யூம் குறையக் குறைய பேஸ் அந்தளவு குறையாத மாதிரி. பழைய 'லவுட்னஸ்' பட்டனேதான், கொஞ்சம் கணக்கோட.

இதுல எவ்வளவு கிடைக்குதுன்னு கேட்டீங்கன்னா, எதிர்ல உட்கார்ந்து சாதாரணமாப் பேசினா கேக்குற அளவு வால்யூம்ல, தவிலோட இடது பக்கம் தனியாத் தெரியுது. பேஸ் கிட்டார் ஒவ்வொரு ஸ்வரமா நடந்து போறது கேக்குது. சப் ஓடுதான்னே தெரியாது. அணைச்சாத்தான் படத்துக்குக் கீழ இருந்து யாரோ ஜமக்காளத்தை உருவின மாதிரி இருக்கும். பகல்ல, மாமா மாமி கோயிலுக்குப் போற நேரம் பார்த்து, ஒரு சண்டைக் காட்சியைக் கொஞ்சம் ஏத்தியும் வைக்கிறதுண்டு. நானும் மனுஷன்தானே, ஹி ஹி.

கேன்டீன் நண்பர்கள்ல ஒருத்தன் போன வாரம் வந்து கேட்டான். அரை மணி நேரம் உட்கார்ந்துட்டு, "நல்லாருக்குடா, ஆனா கிக் இல்ல"ன்னான். அவன் கார் டிக்கியில பதினஞ்சு இன்ச் ரெண்டு வச்சிருக்கான். மாமா வீட்டு வாசல்ல பார்க் பண்ண வேணாம்னு மட்டும் சொல்லி அனுப்பினேன்.

டிஸ்கி: கணக்கு போட்ட எக்செல் ஷீட் இருக்கு, கேட்டா அனுப்புறேன். வேற டிரைவர்னா எஃப்எஸ், க்யூ, வாஸ் மூணையும் மாத்திப் போட்டாப் போதும். பெட்டிக்கு வார்னிஷா, மைக்கா ஒட்டுறதாங்கறது இன்னும் வீட்ல பேச்சுவார்த்தையில இருக்கு. இப்போதைக்கு அம்மா கொண்டு வந்த பூப்போட்ட துணியும், அதுக்கு மேல குழந்தையோட கிலுகிலுப்பையும் :-)